சேர்ந்து வாழக் கூப்பிடும் சம்மனும் புருவத்தில் மூன்று தையலும்

கேள்வி: எனக்கு 33 வயது. கல்யாணமாகி 11 வருஷம். மகனுக்கு 9, மகளுக்கு 4. கணவர் தனியார் கம்பெனியில் சூப்பர்வைசர். குடித்தாலும் குடிக்காவிட்டாலும் கை ஓங்குவார். நான் தையல் தைத்துச் சம்பாதிப்பதையும் வாங்கிக்கொள்வார், ஏ.டி.எம். கார்டு அவரிடம்தான். இரண்டு முறை அம்மா வீட்டுக்கு வந்தேன், இரண்டு முறையும் பெரியவர்கள் பேசி அனுப்பிவைத்தார்கள். சென்ற வருஷம் குக்கர் மூடியால் அடித்ததில் இடது புருவத்தில் மூன்று தையல். அரசு மருத்துவமனையில் பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிட்டேன். மூன்று மாதமாகப் பிள்ளைகளோடு அம்மா வீட்டில் இருக்கிறேன். இப்போது ‘காரணமில்லாமல் பிரிந்து போய்விட்டாள், சேர்த்து வையுங்கள்’ என்று அவர் மனுப் போட்டு எனக்குச் சம்மன் வந்திருக்கிறது. வீடு மாமியார் பெயரில். விவாகரத்து வேண்டுமா என்று எனக்கே தெரியவில்லை. அடி வேண்டாம், அவ்வளவுதான். டி.வி. (குடும்ப வன்முறை) கேஸ் போடுவதா, போலீஸுக்குப் போவதா, விவாகரத்துக் கேட்பதா? பிள்ளைகளைப் பிடுங்கிக்கொள்வாரா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ‘அடி வேண்டாம், அவ்வளவுதான்’ என்று எழுதியிருக்கிறீர்களே, எந்தச் சட்டத்தை எடுப்பது என்பதற்கு அந்த வரியிலேயே விடை இருக்கிறது. கல்யாணத்தை முறிக்காமல் அடியை மட்டும் நிறுத்தச் சொல்லிக் கேட்க ஒரு சட்டம் உண்டு: குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. இது 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது, எல்லா மதத்தவருக்கும் பொது. இதன்கீழ் உத்தரவு வாங்கிக்கொண்டு கணவரோடு அதே வீட்டில் வாழலாம், பிரிந்தும் இருக்கலாம், பின்னால் விவாகரத்துக் கேட்கவும் தடையில்லை. ‘டி.வி. கேஸ் போட்டாலே டைவர்ஸ்தான்’ என்று உறவினர்கள் பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஆனால் நடந்த வன்முறை அந்த ஒரு வழக்கோடு நிற்காது. அவர் போட்ட மனுவுக்கு நீங்கள் சொல்லப்போகும் பதில், ஜீவனாம்சம், பிள்ளைகள் யாரிடம் என்பது, நாளைக்கு விவாகரத்து என்று வந்தால் அது – எல்லாம் அதே சம்பவங்களின் மேல்தான் நிற்கும். ஒரு கோர்ட்டில் பிரமாண வாக்குமூலமாகச் சொன்னது அடுத்த கோர்ட்டில் குறுக்கு விசாரணையின்போது உங்கள் முன்னால் நீட்டப்படும். ஒன்றில் ‘மூன்று முறை அடித்தார்’, இன்னொன்றில் ‘தினமும் அடித்தார்’ என்று இருந்தால் உண்மையான மூன்று அடியும் பொய்யாகிவிடும். அதனால் மனு எழுதுவதற்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, கல்யாண நாளிலிருந்து இன்றுவரை நடந்ததைத் தேதிவாரியாக எழுதுங்கள். வக்கீல்கள் எத்தனை மனு போட்டாலும் எல்லாம் அந்த நோட்டிலிருந்துதான் வர வேண்டும்.

எழுதுவதிலும் ஒரு முறை இருக்கிறது. ‘கணவர் என்னை உடல்ரீதியாகவும் மனரீதியாகவும் கொடுமைப்படுத்தினார்’ என்ற வாக்கியம் இல்லாத மனுவே கிடையாது. அதை வைத்துக்கொண்டு நடுவர் எதையும் எடைபோட முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘இன்ன மாதம், இரவு ஒன்பது மணி இருக்கும். தையல் கூலி 1,800 ரூபாயைக் கேட்டார். பள்ளிக்கூடத்துக்குக் கட்ட வைத்திருக்கிறேன் என்றேன். அடுப்பு மேடையில் இருந்த குக்கர் மூடியை எடுத்து அடித்தார். இடது புருவம் கிழிந்தது. மகன் பார்த்துக்கொண்டிருந்தான். மாமியார் துணியால் அமுக்கிப் பிடித்தார்.’ இது மாதிரிக்குத்தான். உங்களுக்கு நடந்தது எதுவோ அதை எழுதுங்கள். இந்த ஏழு வரியில் காயம் இருக்கிறது, நீங்கள் உழைத்த பணத்தைப் பிடுங்கியது இருக்கிறது, பிள்ளை பார்த்தது இருக்கிறது, சாட்சியாக ஒரு மாமியாரும் இருக்கிறார். சட்டத்தின் 3-ஆம் பிரிவு உடல், பாலியல், சொல் மற்றும் உணர்வு, பொருளாதாரம் என்று வன்முறையை நான்காகப் பிரிக்கிறது. ஏ.டி.எம். கார்டைப் பிடித்து வைத்திருப்பது நான்காவது வகை. பலர் இதை ‘அதெல்லாம் எல்லா வீட்டிலும் உள்ளதுதானே’ என்று மனுவில் எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். தேதி நினைவில்லையா? ‘தீபாவளிக்கு முந்தின வாரம்’ என்று எழுதினால் போதும். இல்லாத தேதியை மட்டும் உண்டாக்க வேண்டாம்.

இனி அந்த மருத்துவமனைச் சீட்டு. அரசு மருத்துவமனையில் காயத்தோடு போனால் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், ஏ.ஆர். காப்பி என்று கேட்டால் புரியும். தேதி, நேரம், கூட வந்தவர் யார், காயம் எப்படி ஏற்பட்டதாக நோயாளி சொன்னார், காயம் எங்கே, எத்தனை சென்டிமீட்டர் என்றெல்லாம் அதில் இருக்கும். உங்கள் சீட்டில் ‘வழுக்கி விழுந்ததாகச் சொல்கிறார்’ என்று இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து சீட்டை மறைத்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. எதிர்த்தரப்பு அதை வரவழைத்துவிட்டால், நீங்கள் மறைத்தது என்று அதற்கு ஒரு பெயர் விழுந்துவிடும். நீங்களே தாக்கல் செய்யுங்கள். ‘அடித்தவரே பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், அதனால் அப்படிச் சொன்னேன்’ என்று மனுவிலேயே சொல்லிவிடுங்கள். கூட வந்தவர் என்ற இடத்தில் அவர் பெயர் எழுதியிருந்தால், அந்த ஒரு சொல் உங்கள் விளக்கத்தைத் தூக்கி நிறுத்தும். தையல் பிரித்த நாளின் ஓ.பி. சீட்டு, அந்த மாதத்தில் எடுத்த போட்டோ, அண்ணனுக்கோ தோழிக்கோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ஏதாவது இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு அழித்துவிடாதீர்கள். மின்னணுப் பதிவைச் சாட்சியமாக வைக்க பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்று வேண்டும், அதற்கு மூலச் செய்தி அதே போனில் இருப்பது நல்லது. கணவர் போனில் திட்டியதைப் பதிவு செய்திருந்தாலும் பயன்படும்: கணவன் மனைவி வழக்குகளில் ரகசியமாகப் பதிவு செய்த உரையாடலைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லியிருக்கிறது. அதற்காக அவருடைய போனின் பாஸ்வேர்டை உடைக்கப் போக வேண்டாம், அது வேறு வம்பு.

டி.வி. மனுவை எங்கே போடுவது? அந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நீதித்துறை நடுவர் நீதிமன்றத்திலேயே, அதாவது அம்மா வீட்டு எல்லையிலேயே போடலாம். வக்கீல் மூலமாகவும் போகலாம், மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரிடமும் போகலாம். அவர் குடும்ப நிகழ்வு அறிக்கை தயாரித்து அனுப்புவார். அந்த அறிக்கை இல்லையென்று மனுவைத் திருப்பி அனுப்பினால், அது கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் பிரபா தியாகி வழக்கில் சொன்னதைக் காட்டச் சொல்லுங்கள். ‘சம்பவம் நடந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டதே’ என்ற ஆட்சேபமும் நிற்காது. நம் தமிழ்நாட்டிலிருந்து போன காமாட்சி வழக்கில் அதே ஆண்டு அதுவும் தீர்ந்துவிட்டது. வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது. 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம்.

முதல் விசாரணை பொதுவாக மூன்று நாளுக்குள், அதிலிருந்து 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் அந்தக் கணக்கை நம்பி உட்கார முடியாது. அதனால்தான் 23-ஆம் பிரிவு உங்களுக்கு முக்கியம். மூல மனுவோடு சேர்த்தே, பிரமாண வாக்குமூலத்தோடு இடைக்கால மனுவைத் தனியாகப் போட வேண்டும். அவசரம் என்று நடுவருக்குத் தெரிந்தால் எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே தற்காலிக உத்தரவு போட அதிகாரம் உண்டு. இடைக்கால மனுவை மறந்துவிட்டு மூல மனுவை மட்டும் போட்டுவிட்டு, ‘ஒரு வருஷமாகிறது, பத்துப் பைசா வரவில்லை’ என்று புலம்புபவர்கள் ஏராளம்.

வீட்டுக்கு வருவோம். மாமியார் பெயரில் பத்திரம் இருப்பதால் உங்களுக்கு அங்கே கால் வைக்க உரிமையில்லை என்பது பழைய கதை. 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் தன் முந்தைய தீர்ப்பையே மாற்றி, கணவரோடு குடும்பமாக வாழ்ந்த வீடு மாமனார் மாமியார் பெயரில் இருந்தாலும் அது ‘பகிர்ந்து வாழ்ந்த வீடு’தான் என்றது. உங்களுக்குக் கிடைப்பது வசிக்கும் உரிமை மட்டும்; பங்கு கிடைக்காது. இதையும் சேர்த்தே தெரிந்துகொள்ளுங்கள். கணவரை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லி உத்தரவு போடலாம், ஆனால் மாமியாரை அப்படி வெளியேற்ற முடியாது. பெண்ணுக்கு எதிராக அந்த உத்தரவு கூடாது என்று 19-ஆம் பிரிவே சொல்கிறது. மாமியார் மூத்த குடிமக்கள் சட்டத்தின்கீழ் கோட்டாட்சியரிடம் போய் உங்களை வெளியேற்ற முயல்வதும் நடக்கக்கூடியதுதான். அந்தச் சட்டத்தை வைத்து மருமகளின் வசிப்புரிமையைத் தூக்கியெறிய முடியாது என்று 2020 டிசம்பரில் எஸ். வனிதா வழக்கில் சொல்லப்பட்டிருக்கிறது. அங்கிருந்து நோட்டீஸ் வந்தால் பதில் கொடுக்காமல் விட்டுவிடாதீர்கள்.

உரிமை இருக்கிறது என்பதற்காக அதே கூரைக்குள் போயாக வேண்டும் என்றில்லை. அடித்தவரும் அவர் அம்மாவும் இருக்கும் வீட்டில் கோர்ட் உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டு இரவு எப்படித் தூங்குவது? அதே 19-ஆம் பிரிவு, அதற்கீடான வேறு வீடு பார்த்துக் கொடுக்கவோ வாடகை கட்டவோ கணவருக்கு உத்தரவிட இடம் தருகிறது. உங்கள் நிலைக்கு வாடகை கேட்பதுதான் சரி என்பது என் கருத்து. அந்த வீட்டில் இருக்கும் உங்கள் நகை, தையல் மிஷின், பிள்ளைகளின் சான்றிதழ்கள் ஆகியவற்றைத் திருப்பித் தரும்படியும் சேர்த்துக் கேளுங்கள். நகைக்குப் பட்டியல் வேண்டும்: என்ன உருப்படி, எத்தனை பவுன், யார் போட்டது, ரசீதோ கல்யாண போட்டோவோ அடகுச் சீட்டோ எது இருக்கிறது என்று. ‘சுமார் 30 பவுன்’ என்ற ஒரே வரியை வைத்து ஒரு மோதிரம்கூட மீட்க முடியாது.

பணத்தில் இரண்டு விஷயம். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் – நேஹா தீர்ப்பு வந்த பிறகு ஜீவனாம்சம் கேட்பவரும் கொடுப்பவரும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும். உங்கள் தையல் வருமானத்தையும் அதில் எழுதுங்கள். சம்பாதிக்கும் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது என்று சட்டம் சொல்லவில்லை, ஆனால் மறைத்துவிட்டு ஜி-பே கணக்கில் மாட்டிக்கொண்டால் மற்ற எதையும் நம்ப மாட்டார்கள். வேறு கோர்ட்டிலும் கேட்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். ஒன்றில் கிடைப்பதை மற்றொன்றில் கழிப்பார்கள். இரண்டாவது, அவர் மாதச் சம்பளக்காரர் என்பது உங்களுக்குச் சாதகம். உத்தரவு போட்டும் கட்டவில்லை என்றால், சம்பளத்தில் பிடித்து நேரே உங்களுக்குக் கொடுக்கும்படி கம்பெனிக்கே உத்தரவிட டி.வி. சட்டத்தின் 20-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. கம்பெனியின் சரியான பெயர், விலாசம், சம்பளம் வரும் வங்கிக் கிளை ஆகியவற்றை இப்போதே குறித்துவையுங்கள். பாக்கி சேர்ந்தால் ஒரு வருஷத்துக்குள் வசூல் மனுப் போட்டுவிடுங்கள், அதற்கு மேல் விட்டால் சிக்கல். அதோடு, இன்றே உங்கள் பெயரில் வேறு வங்கியில் புதுக் கணக்குத் தொடங்கி, ஓ.டி.பி. உங்கள் போனுக்கு வருமாறு செய்துகொள்ளுங்கள்.

பிள்ளைகள். இந்து சட்டப்படி தகப்பன் இயற்கைக் காப்பாளர் என்று ஒரு வரி இருக்கிறது, அவர் வக்கீல் அதைத்தான் முதலில் வாசிப்பார். அதே சட்டத்தில் ஐந்து வயது முடியாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றும், எல்லாவற்றுக்கும் மேலே பிள்ளையின் நலன் என்றும் இருக்கிறது. டி.வி. மனுவிலேயே 21-ஆம் பிரிவில் தற்காலிகப் பொறுப்புக் கேட்கலாம். மகள் விஷயத்தில் பெரிய பயம் வேண்டாம். ஒன்பது வயது மகனை நீதிபதி தன் அறையில் கூப்பிட்டுப் பேசக்கூடும். அவனுக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பாதீர்கள். ‘அப்பா கெட்டவர்’ என்று ஒப்பிக்கிற பிள்ளையை நீதிபதிகள் நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். குக்கர் மூடி விழுந்த இரவை அவன் தன் வார்த்தையில் சொன்னாலே போதும், சொல்லாவிட்டாலும் போகிறது. அப்பாவைப் பார்க்கவே கூடாது என்று முதல் நாளே அடம்பிடிப்பதும் எதிராகத் திரும்பும். வேறொருவர் உடனிருக்க, கோர்ட் வளாகத்திலோ கோர்ட் குறிக்கும் பொது இடத்திலோ பார்க்கட்டும் என்று கேளுங்கள். பள்ளிக்கூடம் பற்றி நீங்கள் எழுதவில்லை. மூன்று மாதமாக மகன் படிக்காமல் இருந்தால் அது உங்கள் பக்கத்து ஓட்டை. டி.சி. வரத் தாமதம் என்பதற்காகச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது; பக்கத்துப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள்.

போலீஸ். இன்னொரு முறை கை வைத்தாலோ, வீடு தேடி வந்து மிரட்டினாலோ யோசிக்காமல் 112, அல்லது 181. அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள். ‘பேசி அனுப்பினோம்’ என்று முடித்துவிட்டால், நீங்கள் புகார் கொடுத்ததற்கு வேறு அத்தாட்சி இல்லை. கொடுமைக்கான கிரிமினல் வழக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவு. மூன்று வருஷம் வரை தண்டனை. அது வாடகையோ சாப்பாட்டுப் பணமோ வாங்கித் தராது என்பதால், உங்களுக்கு முதல் கதவு அதுவல்ல. எதைப் போட்டாலும், வெளியூரில் இருக்கும் நாத்தனாரையும் அவர் வீட்டுக்காரரையும் ‘தூண்டிவிட்டார்கள்’ என்று சேர்க்க வேண்டாம். உறவினர்கள் மேல் பொத்தாம்பொதுவாகச் சுமத்திய வழக்கை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில்கூட ரத்து செய்திருக்கிறது. டி.வி. மனுவில் உங்களுக்குப் பாதுகாப்பு உத்தரவு கிடைத்து அதை அவர் மீறினால் அதுவே தனிக் குற்றம்: ஒரு வருஷம் வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு உங்கள் ஒருவர் சாட்சியமே போதலாம்.

இரண்டு முறை திரும்பிப் போனது பற்றி எழுதியிருக்கிறீர்கள். விவாகரத்து வழக்கில் ‘மன்னித்து ஏற்றுக்கொண்டுவிட்டார்’ என்ற வாதம் நிச்சயம் வரும். 1975-இலேயே தாஸ்தானே வழக்கில் இதற்குப் பதில் இருக்கிறது: மன்னிப்பு என்பது இனி நடக்காது என்ற நிபந்தனையோடுதான், மறுபடி நடந்தால் பழையதும் உயிர்பெறும். உங்கள் நோட்டில் ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் யார் வந்தார்கள், அவர் என்ன வாக்குக் கொடுத்தார், எத்தனை நாளில் மீறினார் என்று எழுதுங்கள். திரும்பிப் போனது அப்போது உங்கள் பொறுமைக்கு ஆதாரமாகும். விவாகரத்துக்கு இப்போது அவசரமில்லை. கொடுமை என்ற காரணம் இந்து திருமணச் சட்டம் 13-ஆம் பிரிவில் இருக்கிறது, எங்கேயும் ஓடிவிடாது. கல்யாணம் முறிந்ததாக ஊரில் வைத்து வெள்ளைத்தாளில் எழுதும் விடுதலைப் பத்திரத்தை மட்டும் நம்பாதீர்கள்.

கடைசியாக, அவசரமானது: சம்மன். சேர்ந்து வாழக் கோரும் அந்த மனுவை, அதாவது இந்து திருமணச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு மனுவை அலட்சியம் செய்தால் உங்களைக் கேட்காமலே தீர்ப்பாகிவிடும். ஒரு வருஷம் அதன்படி சேர்ந்து வாழாவிட்டால் அதையே காரணமாகக் காட்டி அவர் விவாகரத்துக் கேட்கலாம். அப்படித் தீர்ப்பானாலும் ஜீவனாம்சம் தானாகப் போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொன்னது ஆறுதல்தான், ஆனால் அந்த நிலைக்கு விட வேண்டாம். பிரிந்து இருக்க நியாயமான காரணம் உண்டு என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. அவர் மனுவுக்கு நீங்கள் கொடுக்கும் பதிலான எதிருரையில் அந்த நோட்டிலிருந்து சம்பவங்களை எழுதி, டி.வி. மனு எண்ணையும் குறிப்பிட்டால் காரணம் தானாகத் தெரியும். அந்தக் கோர்ட் தூரமாக இருந்தால், உங்கள் ஊருக்கு மாற்றக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம்.

குடும்ப நீதிமன்றம் முதலில் சமரசத்துக்குத்தான் அனுப்பும். அது சட்டப்படி அவர்கள் கடமை. ‘அடித்த விஷயத்தைத் தனியாகப் பேச வேண்டும், ஒரே அறையில் உட்கார முடியாது’ என்று ஆலோசகரிடம் சொல்ல நீங்கள் தயங்க வேண்டியதில்லை. டி.வி. வழக்கில் ஆலோசனைக்கு அனுப்பினாலோ, ஏன் அடித்தேன் என்று நியாயம் சொல்லவே கணவருக்கு இடமில்லை என்று அதன் விதிகளே சொல்கின்றன. கோர்ட்டுக்குப் போகும் அன்று அவரும் வந்திருப்பார். தனியாகப் போகாதீர்கள், பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள். சம்மன், ஆதார், ஏ.ஆர். காப்பியின் நகல் இவை போதும், நோட்டை வீட்டில் வைத்துவிடுங்கள். வராண்டாவில் வைத்து ‘இதில் ஒரு கையெழுத்துப் போட்டுவிடும்மா, இன்றே முடிந்துவிடும்’ என்று யார் எந்தத் தாளை நீட்டினாலும், உங்கள் வக்கீல் படித்துப் பார்க்கும்வரை பேனாவைத் தொடாதீர்கள்.